முப்பத்து நான்காம் படுக்கை

முப்பது கட்டில் உள்ள வார்டில் ஐம்பது தட்டு சாப்பாடு வந்து இறங்கிய அன்றே பெரிய சிஸ்டருக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"மிச்ச இருபது பேர் எங்கே சிஸ்டர்?" என்றார் தட்டு வண்டிக்காரர்.

"அவங்கவங்க வீட்டுல."

"அப்புறம் எதுக்கு வார்டு கணக்குல இருக்காங்க?"

அதைத்தான் பெரிய சிஸ்டரும் யோசித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் மாலை போட்டுத் தொடங்கிவைத்த திட்டத்தின் பெயர் 'சுவரில்லா மருத்துவமனை'. ஓரளவு தேறிய நோயாளி கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய நாடியும் ஆக்சிஜனும் மூன்றாம் மாடியில் உள்ள திரை அறையில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் இருந்தாலும் அவர் வார்டுக்காரர்தான். எனவே முப்பத்தொன்றிலிருந்து ஐம்பது வரை படுக்கை எண். கணினி சொன்னதைத் தட்டாமல் சமையல் பகுதி தட்டுகளை அனுப்பியது. சலவைப் பகுதி, இருபது விரிப்புகள் அழுக்காகித் திரும்பாதது ஏன் என்று விளக்கம் கேட்டது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. ஒரு நாள் காலை பதினோரு மணிக்குத் திரை அறையிலிருந்து வந்த போன் அப்படியில்லை.

"சிஸ்டர், முப்பத்தி நாலு சிவப்பாயிடுச்சு. நாடி நூத்தி முப்பது, ஆக்சிஜன் எண்பத்தாறு."

முப்பத்து நான்கு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மாரடைப்புக்கு வந்து, தேறி, பட்டையோடு வீட்டுக்குப் போனவர்.

"பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

"நாங்க பாக்கறதோட சரி சிஸ்டர். செய்யறது டிபார்ட்மென்ட்."

பெரிய சிஸ்டர் இதயப் பிரிவு டாக்டரைக் கூப்பிட்டார். "இங்க படுத்திருந்தா எங்க ஆளு. வீட்டுல படுத்திருந்தா திரை அறை ஆளு" என்றார் அவர், வகுப்பெடுக்கும் குரலில். அவசரப் பிரிவோ இன்னும் தாராளம்: "வாசல் தாண்டி உள்ள வரட்டும், மறு நிமிஷம் பாத்துடறோம்."

மூன்று பிரிவுக்கும் நடுவில் ஒரு மனிதர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் நேராக வீட்டுக்கே போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தவர் சாட்சாத் டிரைவர்.

"ஐயா, நெஞ்சு வலிக்குதா? மூச்சு முட்டுதா?"

"எனக்கா? நான் ஸ்டூல் மேல நின்னு ட்யூப்லைட் மாட்டிட்டிருக்கேன் சிஸ்டரம்மா."

"முதல்ல கீழே இறங்குங்க!" என்று போட்ட சத்தத்தில் பதினைந்தாம் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பட்டை கையில இருக்கா?"

"இருக்கே."

"யார் கையில?"

"என் வீட்டுக்காரி கையில."

"அவங்களுக்கு ஏன் கட்டினீங்க?"

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? 'பட்டை படுக்கையில் இருப்பவர் கையிலிருந்து ஒருபோதும் அகலக் கூடாது'ன்னு. நான் எழுந்து நடமாடி நாலு நாளாச்சு. இப்போ படுக்கையில இருக்கறது அவதான். காய்ச்சல், இருமல். நேத்துலேர்ந்து ரெண்டு வார்த்தை பேசினா மூச்சு வாங்குது. பட்டை கட்டியாச்சே, ஆஸ்பத்திரியில பாத்துக்கிட்டிருப்பாங்கன்னு தைரியமா இருந்தேன். பாத்தீங்கதானே?"

பார்த்தார்கள். மூன்றாம் மாடி முழுக்கப் பார்த்தது.

ஆம்புலன்ஸ் கேட்டபோது பதிவுக்காரர் படுக்கை எண் கேட்டார்.

"முப்பத்தி நாலு."

"அது ஆம்பளைன்னு வருதே சிஸ்டர்?"

"வந்துட்டுப் போகட்டும். வண்டியை விடுங்க!"

இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள். அந்த அம்மாள் பன்னிரண்டாம் கட்டிலில், உண்மையான இரும்புக் கட்டிலில், ஆக்சிஜனோடு கண் திறந்த மறுநாள் சுற்றறிக்கை வந்தது: 'சுவரில்லா மருத்துவமனை காப்பாற்றிய முதல் இதயம்!' யாருடைய இதயம் என்று இதயப் பிரிவும் கேட்கவில்லை, இயக்குநரும் கேட்கவில்லை.

மதியம் முப்பத்து நான்காம் படுக்கைக்கான தட்டு வழக்கம்போல் வந்தது. மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் அதை வாங்கிச் சாப்பிட்டார். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்த இருபது தட்டில் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்த முதல் தட்டு அதுதான்.

பெரிய சிஸ்டர் அவரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அறிவுரைத் தாளை விரித்து, 'படுக்கையில் இருப்பவர்' என்பதை அடித்தார். வார்டில் இருபது வருஷமாக நோயாளியைப் படுக்கை என்றே சொல்லிப் பழகிய வாய். கையும் அப்படியே எழுதிவிட்டிருக்கிறது.

"இந்த இடத்துல வேற என்னதான் எழுதறதுங்கய்யா?"

"இதுல என்ன குழப்பம்? என் தாள்ல என் பேரை எழுதுங்க."

பெரிய சிஸ்டர் பேனாவைத் திறந்தார். திறந்த பேனா தாளுக்கு மேலேயே நின்றது. எவ்வளவு யோசித்தும் முப்பத்து நான்கு என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.