துரைக்கு ஒரு நாற்காலி

நாய் வாந்தி எடுக்கிறது என்று சொன்னால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும்.

"வாந்தின்னா வயித்துலேருந்து குமட்டிக்கிட்டு வரணும். இவனுக்குச் சாப்பாடு வயித்துக்கே போகலையே! பாதி வழியிலேயே நின்னு அப்படியே திரும்பி விழுது. ரெண்டும் வேற வேற" என்று எங்கள் இருவரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். இருவர் என்றால், துரை என்கிற அந்த நாய்க்குச் சொந்தக்காரரான பஸ் டிரைவரும், அவருக்கு எந்த விதத்திலும் சொந்தமில்லாத நானும்.

என் தச்சுப் பட்டறை பஸ் டிப்போவுக்கு எதிரே இருக்கிறது. டிரைவர் தனி ஆள். வண்டி எடுக்கப் போகும்போது துரையை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். நாய் மேல் உள்ள பாசத்தில்தான் ஒப்புக்கொண்டேன் என்று, பட்டறை மாடியில் என்னோடு குடியிருக்கும் அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நானே நம்பவில்லை.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "உணவுக்குழாய்ங்கறது சும்மா ஒரு பைப் இல்ல. சுருங்கிச் சுருங்கி உருண்டையைக் கீழ தள்ளணும். இவனுக்கு எலாஸ்டிக் போன சாக்ஸ் மாதிரி தொளதொளன்னு ஆயிடுச்சு. உக்கார வச்சு, தலை மேல இருக்கற மாதிரி ஊட்டுங்க. சாப்பிட்டப்புறம் கால் மணி நேரமாவது அப்படியே பிடிச்சுக்குங்க, தன்னால இறங்கிடும். உடனே படுக்க விட்டீங்கன்னா நுரையீரலுக்குள்ள போயிடும், உயிருக்கே ஆபத்து."

துரை நல்ல கனம். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் ஊட்ட வேண்டும். அதனால் டிரைவர் தினமும் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பட்டறையில் உட்கார்ந்து நாயை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். நான் கையில் ஒட்டியிருக்கும் மரத்தூளைக் கழுவிவிட்டு, குழைத்த சோற்றை உருண்டை பிடித்து ஒவ்வொன்றாகக் கொடுப்பேன். பிறகு காத்திருப்போம். எனக்கு நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. காத்திருப்பது இவ்வளவு ருசியானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் அவர் தான் படித்ததையெல்லாம் சொல்வார். "மேஸ்திரி, தெரியுமா? மாடு அவசரமா விழுங்கிடுமாம். அப்புறம் நிதானமா அதையே வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுமாம். குதிரைக்கு அந்தப் பேச்சே கிடையாது. உள்ள போனா போனதுதான். வாந்தி எடுக்கவே வராதாம், பாவம்."

நானும் ஒரு குதிரைதான் என்று நினைத்துக்கொண்டேன். வேலையில் யாராவது அளவு தப்பினால் வாய் நிறையத் திட்டுகிற எனக்கு, இவரிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வார்த்தை மட்டும் வெளியே வர மாட்டேன் என்றது.

ஒரு நாள் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். "டாக்டர் ஒரு வழி சொன்னாங்க. குழந்தைங்களை உக்கார வச்சு ஊட்டுவோமில்ல, அந்த மாதிரி உயரமா, குறுகலா ஒரு நாற்காலி. அதுல உக்கார வச்சு முன்னால பலகையைப் போட்டுட்டா அவனே நிமிர்ந்து இருப்பானாம். யாரும் பிடிக்க வேண்டாம். இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல. நீங்களே செஞ்சு தருவீங்களா?"

"செஞ்சுட்டா போச்சு" என்றேன். வேறு என்ன சொல்வது? அன்று என் கையிலிருந்த உளி செய்த பாவம் என்ன, அதைத் தூக்கி மூலையில் எறிந்தேன்.

துரையின் இடுப்பு, முதுகு, கழுத்து எல்லாம் அளந்தேன். பலகையை இழைத்தேன். தினமும் முடித்துவிடலாம் என்று தொடங்கி, தினமும் எதையாவது கழற்றி மறுபடி மாட்டினேன். அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நாற்காலியா செய்யற, தேரா?" என்றாள். கொஞ்சம் கோணலாகச் செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கை ஒத்துக்கொள்ளவில்லை. கோணலாக உட்கார்ந்தால் நாய்க்குத்தான் ஆபத்து. கடைசியில் ஆடாமல் அசையாமல், முதுகுப்பக்கம் பஞ்சு வைத்து, என் வாழ்நாளிலேயே நல்லதாக ஒரு நாற்காலியைச் செய்து முடித்தேன். துரை அதில் பெயருக்கு ஏற்றபடி உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

டிரைவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். பகல் முழுக்க நாய் என்னோடுதான் இருந்தது. ஆனால் சாப்பாடு இரண்டு வேளையும் அவர் வீட்டில். காலையில் வாசலில் விட்டுவிட்டு ஓடுவார், மாலையில் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போவார். "மேஸ்திரி, நாற்காலி பிரமாதம்!" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாலையில் வேலை முடிந்ததும் பழக்கத்தில் கையைக் கழுவிவிட்டு வந்து, ஊட்ட ஆளில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவர் வேண்டும். அந்தக் கால் மணி நேரம் வேண்டும். இதைச் சொல்லத் துப்பில்லாமல் அக்கா மேல் எரிந்து விழுந்தேன்.

பிறகு ஒரு மாலை, ஒரு கையில் நாயின் கயிறும் மறு கையில் நாற்காலியுமாக மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"ஆடுது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் செஞ்சது ஆடாது."

"நீங்களே பாருங்க."

வைத்துப் பார்த்தேன். ஆடத்தான் செய்தது. ரோஷத்தோடு அதைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பின்னங்கால் ஒன்று குட்டையாக இருந்தது. அடியில் வெட்டு புத்தம் புதியது. இரும்பு அறுக்கிற பிளேடால் மரம் அறுபட்டிருந்தது. பாதியில் திசை மாறி, மறுபக்கத்திலிருந்து தொடங்கி, இரண்டு வெட்டும் சந்திக்காமல் சிம்பு சிம்பாகப் பிய்ந்திருந்தது. அவருடைய கட்டைவிரலில் பிளாஸ்டர்.

திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். ஒரு நல்ல நாற்காலியை இப்படிக் கொலை செய்தவரை நான் இதுவரை சும்மா விட்டதில்லை. அவர் காது நுனிவரை சிவந்து, நாயைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"துரை சாப்பிட்டானா?"

"எப்படிச் சாப்பிடுவான்? நாற்காலிதான் ஆடுதே."

"சரி, உக்காருங்க. அவனைப் பிடிச்சுக்குங்க" என்றேன். "இதைச் சரி பண்ண ரொம்ப நாளாகும்."

"எவ்வளவு நாள்?"

"அது உங்க கையிலதான் இருக்கு. இன்னும் மூணு கால் பாக்கியிருக்கே. ஆனா அடுத்ததை நீங்க தொடாதீங்க, கேட்டீங்களா? நானே ஒழுங்கா அறுத்துத் தரேன்."