பத்து விநாடி

விடிகாலை ஐந்து மணிக்கு சிமெண்டு மூட்டை சூடாக இருக்கும். ஆலையிலிருந்து நேராக வந்த லாரி என்றால் உள்ளே அடுப்பு வைத்தது மாதிரி தகிக்கும். அந்தச் சூட்டோடு ஐம்பது கிலோவை ஆளுக்கொரு முனை பிடித்து, ஒரே மூச்சில் எழுப்பி, கீழே நிற்கிறவன் தலையில் இறக்க வேண்டும். அதுதான் என் வேலை, வாயாடி என்று எல்லோரும் கூப்பிடுகிறவளின் வேலை. பதினான்கு வருஷமாக லாரி மேல் நின்று நாங்கள் இருவரும் ஏற்றிவிடுகிறோம். சுமக்கிறவன் தரையைத்தான் பார்ப்பான். மூட்டை விழுந்ததும் அவன் கழுத்து தோளுக்குள் இறங்குவது மேலே நிற்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

என் தம்பியின் கழுத்து இறங்குவதையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிடங்கில் அவனுக்கு நெட்டை என்று பேர். குனிந்து வந்துதான் மூட்டை வாங்குவான். எட்டு மாசம் முன்னால் ஒருநாள் சொன்னான்:

"அக்கா, கழுத்தைக் குனிஞ்சா முதுகுல கரண்டு அடிக்குது."

"பில்லு வந்தா நீயே கட்டிக்கோ" என்றேன். லாரியே சிரித்தது.

அப்புறம் டீ கிளாஸைக் கீழே போட்டான். சட்டைப் பட்டன் போட அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். நடக்கும்போது கால் அகலமாக விழுந்தது. எல்லோரும் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். இந்த வேலையில் தள்ளாடுகிறவனுக்கு ஒரே காரணம்தான் எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு விடியலில் ஏழாவது மூட்டையோடு பலகையில் ஏறினவன் குப்புற விழுந்தான். மூட்டை வெடித்துப் புகை மாதிரி தூள் கிளம்பியது. கணக்குப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"குடிச்சிருக்கானா?"

நான்தான் முந்திக்கொண்டேன். "கொஞ்ச நாளாவே இப்படித்தாங்க ஆடுறான். எங்க போய் ஊத்திக்கிறானோ."

"அப்ப எழுதிக் கொடுத்துடுங்க. இல்லேன்னா முதலாளி மொத்தக் கூட்டத்தையும் நிறுத்தச் சொல்லுவாரு."

குடித்துவிட்டு விழுந்தான் என்று அவரே எழுதினார். முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்து வாயாடி போட்டாள். எப்போதும் பேசிக்கொண்டே சுமக்கிற ரேடியோவும் கையெழுத்துப் போட்டான். முகமெல்லாம் சிமெண்டு அப்பியிருக்க, நெட்டை உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடப் பிறந்தவன், எட்டடி தூரம். நான் அவன் வாயை மோந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு மாசம் வீட்டில் கிடந்தான். சோற்றைப் பிசையக் கை வராமல் போன பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க. பத்து விநாடிக்குள்ள எத்தனை தடவை முடியுதோ, மூடித் திறங்க."

நெட்டை மூடினான். விரல்கள் மூடின. திறக்கத்தான் மறுத்தன. இறுகிப்போன கலவைக்குள்ளிருந்து ஒவ்வொரு விரலாகப் பிடுங்குவதுபோல் திறந்தான்.

"ஒன்பது" என்றாள். "இருபதுக்கு மேல வரணும்."

ஸ்கேனை விளக்கில் பிடித்துக் காட்டினாள். கழுத்தெலும்பு வளர்ந்து, நடுவே போகிற தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. நசுங்கின இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு.

"ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா?"

"ஜோசியம் சொல்ல முடியாதும்மா. ஓரளவு கணிக்கலாம். வயசு நாப்பத்திரெண்டு, நல்லது. சொந்தக் கால்ல நடந்து வந்தாரு. ஒண்ணுக்குப் போறதும் இன்னும் கட்டுப்பாட்டுலதான் இருக்கு. இதெல்லாம் நம்ம பக்கம். இந்த வெள்ளைப் பொட்டு எதிர்ப்பக்கம். எத்தனை மாசமா இப்படி இருக்கு?"

"எட்டு" என்றேன்.

பேனா நின்றது. "ஆரம்பத்துலயே வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன். இப்பப் பண்ணா நடை நிதானப்படலாம், கை கொஞ்சம் திரும்பலாம். முழுசான்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். நாள் போகப்போக அந்தக் கொஞ்சமும் குறையும்."

"மூட்டை?"

"இனிமே தலையில துண்டு மட்டும்தான்." குனிந்து எழுதினாள். "குடிப்பீங்களா?"

நெட்டை சுவரைப் பார்த்தான்.

"எங்க அக்காவைக் கேளுங்க."

வாழ்நாளில் என்னை யாரும் அப்படி அறைந்ததில்லை. "இல்லைங்க டாக்டரம்மா. எம்புள்ள மாதிரி வளத்தேன், ஒரு சொட்டு தொட்டதில்ல" என்றேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததை அங்கே சொன்னேன்.

அங்கே ஆபரேஷனுக்கு வரிசைப்படி ஏழு மாசம் ஆகுமாம். வேலையால் வந்த பாதிப்பு என்று முதலாளி படிவத்தில் கையெழுத்துப் போட்டால் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் பத்தே நாளில் முடியும். தலைச்சுமைதான் காரணம் என்று டாக்டரம்மா தன் பங்கை அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மதியம் அதை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"ஆபரேஷன் பண்ணா மறுபடி மூட்டை தூக்குவானா?"

"தூக்கக்கூடாதாம் முதலாளி."

"கை முழுசா வருமா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க."

"டாக்டருக்கே உறுதியில்ல. நான் எதை நம்பிக் கையெழுத்துப் போட?"

"அவன் சட்டைக்கு அவனே பட்டன் போட்டுக்குவான் முதலாளி."

"பட்டன் போடுறதுக்காம்மா கம்பெனி நடத்துறேன்?" இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை என் முன்னால் தள்ளினார். "குடிச்சுட்டு விழுந்தான். இதுல முதல் கையெழுத்து யாரோடது?"

என் பேர். கோணல்மாணலாக, அழுத்தி எழுதிய என் பேர். படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் விடியலில் இரண்டு லாரி நின்றது. நான் மேலே ஏறவில்லை. பலகையருகே எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன்.

"நான் எழுதிக் கொடுத்தது பொய். என் தம்பி குடிக்கல. கழுத்து நசுங்கித்தான் தள்ளாடினான். ஆஸ்பத்திரியில பத்து விநாடிக்கு ஒன்பது தடவைதான் கையை மூடித் திறக்க முடிஞ்சது. நசுக்கின மூட்டை பூராவும் நான் ஏத்தினது."

"நானுந்தானேக்கா ஒரு முனை பிடிச்சேன்" என்றாள் வாயாடி.

ரேடியோ முன்னால் வந்தான். "அந்தப் பத்து விநாடி கதை என்னக்கா? எனக்கும் பாரு."

"சும்மா இருடா, விளையாட்டா?"

"பாரேன். போன வாரம் தீக்குச்சி உரசவே மூணு தடவை ஆச்சு."

கணக்குப்பிள்ளையின் கடிகாரத்தைக் கேட்டேன். என்ன நினைத்தாரோ, கழற்றிக் கொடுத்தார். ரேடியோ கையை நீட்டி மூடித் திறந்தான். நான் சத்தமாக எண்ணினேன். பதிமூன்றில் பத்து விநாடி முடிந்தது. சிரிக்க வாயெடுத்தவன் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். இருபத்திரண்டு. இருபத்தைந்து. பதினாறு.

"கழுத்தைக் குனிஞ்சா கரண்டு அடிக்குதா?" பதினாறு வந்தவனைக் கேட்டேன்.

அவன் தலையாட்டினான். இந்தத் தடவை யாரும் பில்லு பற்றிப் பேசவில்லை.

ரேடியோ தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து அலுவலக வாசற்படியில் வைத்தான். பக்கத்தில் இன்னொன்று வந்தது. பத்தொன்பது துணிச்சுருள்கள் படியை மறைத்தன. முதலாளி வந்து அவற்றைத் தாண்ட இடம் தேடினார்.

"லாரி நிக்குது. என்ன நாடகம் இது?"

"அந்தத் தாளுல இருக்கிற எங்க கையெழுத்தை வாபஸ் வாங்குறோம்" என்றேன். "எல்லாருக்கும் கழுத்தைப் பாக்கணும். இனிமே மூட்டையைத் தள்ளுவண்டியில இறக்குவோம், தலையில இல்ல. முதல்ல இந்தப் படிவம்."

"மொத்தப் பேரையும் மாத்திட்டு வேற ஆளைப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"அவங்க கையையும் எண்ணிப் பாப்போம் முதலாளி" என்றான் ரேடியோ.

அவர் படிவத்தை வாங்கவில்லை. கிழிக்கவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் நெட்டை வந்தான். தன் மகள் தோளைப் பிடித்து, அகலக் கால் வைத்து, சட்டை திறந்தபடி. யாரோ சிமெண்டு மூட்டை மேல் சாக்கு விரித்து உட்கார வைத்தார்கள். நான் ஓடிப்போய்ப் பட்டனில் கை வைத்தேன்.

"விடுக்கா. நான் போட்டுக்கறேன்."

"நான் பண்ணினது…"

"நீ சொன்னப்போ நானே நம்பிட்டேன்க்கா, குடிக்காமலே குடிகாரன் ஆயிட்டனோன்னு." என் முகத்தை அவன் பார்க்கவில்லை. "அதை அப்புறம் பேசுவோம். இப்ப விடு."

கையை எடுத்துக்கொண்டேன். லாரி டிரைவர் ஹார்ன் அடித்தான். ஒருவரும் திரும்பவில்லை. எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தோம். நெட்டை மூன்றாவது பட்டனில் இருந்தான்.