புழு இல்லாத பழம்

அந்தக் கொய்யாப் பழங்களை வேண்டாம் என்றது என் மனைவி லதாவா நானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பல வருடங்களாக லதா என்றே நினைத்திருந்தேன். அடுப்படி வாசலில் அவள் நின்ற விதம், "நீங்க சொன்னது புரியுது, இருந்தாலும் கொண்டுவராதீங்க" என்ற குரல், எல்லாம் தெளிவாகவே இருக்கின்றன. போன வருடம் பேச்சுவாக்கில் கேட்டேன். தான் அப்படிச் சொன்னதே இல்லை என்றாள். சொன்னவள் மறந்திருக்கலாம். சொல்லாததை நான் கேட்டிருக்கவும் கூடும்.

1976. கடற்கரையோரம் ஓர் ஆராய்ச்சி ஆபீஸில் கள உதவியாளனாக இருந்தேன். பழ ஈக்களைக் கூட்டுப்புழுவாக இருக்கும்போதே கனத்த இரும்பு உருளைக்குள் வைத்துக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். வெளியே வரும் ஈ மற்ற ஈக்களைப் போலவே பறக்கும், கூடும். ஆனால் முட்டை பொரிக்காது. அதனுடன் கூடிய காட்டு ஈயின் முட்டையும் பொரிக்காது. தொடர்ந்து விட்டால் சில பருவங்களில் தோட்டத்தில் ஈ அற்றுப்போகும் என்பது எதிர்பார்ப்பு. அடையாளத்துக்காகத் தலையில் ரோஸ் நிறப் பொடி ஒட்டியிருக்கும் அந்த ஈக்களை வாரம் ஒருமுறை திருக்கழுக்குன்றம் சாலையில் இருந்த ஒரு கொய்யாத் தோட்டத்தில் திறந்துவிடுவதும், பொறியில் விழுந்தவற்றில் எத்தனை ரோஸ் என்று பார்ப்பதும் என் வேலை.

தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் நூர்முகமது. முதல் நாளே அவரிடம் மறைக்காமல், இவை மலட்டு ஈக்கள் என்று சொன்னேன். ஆபீஸில் அப்படித்தான் சொல்வோம். அந்தச் சொல் அவருடைய பழங்களுக்கு முன்பே செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வருடம் ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் சவுக்குத் தோப்புக்குள் ஓடினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஈப் பெட்டிகள் வந்ததும் ஒரு ஜீப்பில்தான். டீக்கடையில் ஒருவன் என்னிடமே கேட்டான். "இன்னா சார், ஆளுங்களப் புடிச்சு முட்ச்சாச்சு, இப்ப ஈக்குமா கேம்ப்பு?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அங்கே தட்டில் இருந்த கொய்யாவை ஒருவரும் தொடவில்லை.

நூர்முகமதுவின் மகள் சைனம்பு பொறிகளை மரத்திலிருந்து இறக்கிக் கொடுப்பாள். பத்தொன்பது வயது. அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் செத்த ஈக்களைக் காகிதத்தில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "அதுங்களுக்குத் தெரியுமா சார், முட்ட பொரிக்காதுன்னு?" எனக்குப் பதில் சொல்ல நேரமாகும். அதற்குள் கேட்டவர்கள் போய்விடுவார்கள்.

அவளுக்கு மதார் சாகிப்பின் இரண்டாவது மகனைப் பேசியிருந்தார்கள். மதார் சாகிப்புக்குக் கால்வாய்க் கரையில் விறகு மண்டி. சவுக்குக் கட்டைகளைப் படகில் ஏற்றி மெட்ராசுக்கு அனுப்புவார். பெருநாள் முடிந்து பத்தாம் நாள் நிக்காஹ். மண்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் ஒன்றையே கேட்டார்கள்: அந்தத் தோட்டத்துப் பழத்தையே தின்று வளர்கிற பெண்ணுக்குப் பிள்ளை பிறக்குமா?

லதாவுக்கு அப்போது ஐந்து மாதம். இரண்டு முறை கலைந்து மூன்றாவது. இதைக் கேள்விப்பட்ட நூர்முகமது வெள்ளிக்கிழமைதோறும் ஓர் ஓலைக் கூடை நிறையப் பழம் நிரப்பி என் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிடத் தொடங்கினார். "வாயும் வயிறுமா கீறவங்க, நல்லா சாப்புடட்டும் சார்." மறுக்கத் தெரியவில்லை. முதல் கூடை வீட்டுக்குப் போனது, அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. பிறகு வந்த மூன்று கூடைகளையும் வழியில் கால்வாய்ப் பாலத்தின் மேலிருந்து தண்ணீரில் போட்டேன். கதிர் பட்டது கூட்டுப்புழுவில்தான், எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட ஆளிடம் எக்ஸ்ரே தங்குவதில்லை, பழத்துக்கு ஒன்றும் ஆகாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் போட்டேன்.

நோன்பு மாதத்தின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் மதார் சாகிப் தோட்டத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு மரத்தைச் சுற்றி வந்து தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து, தோலில் ஊசி குத்தியதைப் போலிருந்த புள்ளியைக் காட்டினார். அது ஈ குத்திய இடம் என்றேன். மலட்டு ஈயும் குத்தும், உள்ளே புழு வராது, அவ்வளவுதான் வித்தியாசம். சைனம்புவிடம் கத்தி வாங்கிப் பழத்தை இரண்டாகப் பிளந்தேன். சதை வெள்ளையாக இருந்தது. ஒரு புழு இல்லை. நூர்முகமதுவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

மதார் சாகிப் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"புழு இல்ல. சரி. நாங்க நோம்புல கீறோம் சார். நீங்க துன்னுங்க."

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. ஓர் அணில் அடிமரம் வரை இறங்கி, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி மேலே ஏறியது நினைவிருக்கிறது. நோன்பு இருப்பவர்கள் முன்னால் தின்பது மரியாதையில்லை என்றுதான் தயங்கினேன் என்று பின்னாளில் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று அந்த நினைப்பு வந்ததா என்று தெரியவில்லை. பிறகு தின்றேன். இரண்டு பாதியையும் தின்றேன். விதையைக்கூட மென்று விழுங்கினேன்.

"துன்னாரு. இல்லேங்கல," என்றார் மதார் சாகிப். "ஆனா யோசிச்சாரு."

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். அவர் நூர்முகமதுவின் பக்கம் திரும்பினார்.

"மூணு வெள்ளிக்கெழம, நூரு. உன் ஓலக் கூட எங்க படகுல வந்து மோதிச்சு. உள்ள ஒரு கொய்யா கொறையல. பாலத்து மேல யாரு நின்னுகினு இருந்தாங்கன்னு நான் சொல்லணுமா?"

நூர்முகமது என்னைப் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லதாவின் பெயரைச் சொல்லியிருப்பேன். மதார் சாகிப் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நிக்காஹ் இல்லை என்று அவர் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

நான் கிளம்பியிருக்க வேண்டும். ஏனோ பொறிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். பொழுது சாய்ந்ததும் ஊர்ப் பக்கமிருந்து பாங்கு மெல்லக் கேட்டது. சைனம்பு கொட்டகை வாசலில் பாய் விரித்து, கஞ்சியும் பேரீச்சம்பழமும் வைத்திருந்தாள். எழுந்து அதே மரத்துக்குப் போனாள். இலைகளை விலக்கித் தேடி, புள்ளி விழுந்த பழம் ஒன்றைப் பறித்து வந்து உட்கார்ந்தாள்.

"பேரீச்சம்பழம் கீது, புள்ள," என்றார் நூர்முகமது.

"இருக்கட்டும் அத்தா."

பிஸ்மில்லா சொல்லிக் கடித்தாள். அவள் மெல்லும் சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது. போகும்போது என் சைக்கிளில் கூடை இல்லை.

மறு வருடம் நூர்முகமது குத்தகையை விட்டுவிட்டு கூடுவாஞ்சேரியில் பெட்டிக்கடை வைத்தார், அங்கேயே இறந்தார். மதார் சாகிப்பின் மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். கால்வாயில் படகு நின்றபின் மண்டியையும் மூடினார்கள். சைனம்புவுக்கு ஆறு வருடம் கழித்து ஆம்பூரில் கல்யாணம் ஆனது, மூன்று பிள்ளைகள் என்று கேள்வி. ஈ விடுவதை ஆபீஸ் இரண்டாவது பருவத்தோடு நிறுத்திவிட்டது. காரணம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. லதாவுக்கு ஜனவரியில் பெண் பிறந்தாள், நன்றாக இருக்கிறாள். நான் ஓய்வு பெற்று அதே கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறேன். பாலத்தைக் கடக்கும்போது அந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை நினைவுக்கு வரும். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் ஏறி, கால்வாயில் தண்ணீர் உள்ளே தள்ளும் நேரம். கூடை மூழ்கவில்லை. மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, விறகுப் படகுகள் கட்டியிருந்த கரைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.