கறுப்புப் படத்தில் ஏறிய எண்

கணவன் அனுப்பிய படத்தைக் கணினியில் திறந்ததும் தையல்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. திரை முழுக்க அட்டக்கரி. அங்கங்கே உப்புத் தூவினாற்போல நாலைந்து நட்சத்திரம், அவ்வளவுதான். கால்சட்டையை அடி மடிக்கக் கொடுக்கும் சாக்கில் வந்த எதிர்வீட்டு அக்கா, சாக்கை மறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடி, அணைஞ்ச டிவிய உத்துப் பாத்துட்டு உக்காந்திருக்க?"

"அவர் எடுத்த படம்க்கா."

"கடல் தாண்டிப் போனவனெல்லாம் சென்ட் பாட்டில் அனுப்புறான். உன் ஆளு இருட்டைக் கட்டி அனுப்பியிருக்கான் பாரு!"

நட்சத்திரம் பார்த்து அண்ணாந்தே நடந்து சாக்கடையில் விழுந்தவன் என்பதால், தெருவில் அவனுக்குப் பெயர் 'மேல்பார்வை'. கல்யாணமான புதிதில் இருவரும் மொட்டைமாடியில் மங்கலான ஒரு விண்மீன் கூட்டத்தைப் படமெடுக்கப் போராடினார்கள். தெருவிளக்கு விட்டால்தானே? இப்போது அவன் பாலைவனச் சுரங்கமொன்றில் ஜெனரேட்டர் மெக்கானிக். ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கட்டுமா என்று கேட்டிருந்தான். மகராசி இவள் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்கச் சட்டைக் கைகளை மாற்றி மாற்றித் தைத்துப் பிரித்தாள். அவன் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியது இன்றைக்கு.

போன் அடித்தது. ஒரு கை மவுஸில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். அக்கா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"படம் பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

"கண்ணால பாக்காத. அம்புக்குறிய வெச்சு நகர்த்து. கீழ நம்பர் வரும். அந்தப் புள்ளியில எவ்வளவு வெளிச்சம்னு அதுதான் சொல்லும்."

நகர்த்தினாள். 509. 512. 507.

"இவ்வளவு கறுப்புல பூஜ்யமே காணோமே?"

"இருக்காது. கேமராவே அடியில ஐந்நூறு போட்டுத்தான் ஆரம்பிக்கும். அதுக்கு மேல எங்க ஏறுதுன்னு தேடு."

பெரிய நட்சத்திரத்தில் வைத்தாள். 65535. எண்ணைச் சத்தமாகப் படித்தாள்.

"அது நிரம்பி வழிஞ்சிடுச்சு. அதுக்கு மேல எவ்வளவு இருந்தாலும் அதே நம்பர்தான் காட்டும். நீ இடது பக்கம் போ."

இடது பக்கம் வெறும் இருட்டு. 511. 526. 548. கை தானாக நின்றது. 590. சுற்றிலும் இருந்த கறுப்புக்கும் இந்தக் கறுப்புக்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

"ஏறுதுங்க," என்றாள்.

"அதே கூட்டம்தான். நம்ம மாடியில கிடைக்காதது. மேல ஒரு பட்டன் இருக்கும் பாரு. அமுக்கினா நம்பர் மாறாது, ஆனா திரையில பளிச்சுனு தெரியும். அமுக்கு."

அக்காவின் விரல் முந்திக்கொண்டு நீண்டது. தையல்காரி அதைத் தட்டிவிட்டாள்.

"நான் அமுக்க மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க வந்து அமுக்குங்க."

அக்கா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். போனில் எங்கோ தொலைவில் மணலை வாரிக்கொண்டு காற்று வீசியது. திரையின் கறுப்பில் அம்புக்குறி அசையாமல் நின்றது, கீழே, 590.