இருபது என்று எழுதிய மூச்சு

காலை ஏழு மணிக்குள் நாற்பது கட்டிலுக்கும் காய்ச்சல் பார்த்து, நாடி பிடித்து, மூச்சை எண்ணிச் சார்ட்டில் ஏற்றியாக வேண்டும். இருப்பதோ இரண்டே மாணவிகள். மூச்சை எண்ண ஒவ்வொரு ஆளிடமும் முழுதாக ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்; யார் நிற்பது? நர்ஸ் படிப்புக்கு வந்த பிரகதாம்பாளுக்கு முதல் வாரமே சீனியர் அக்காக்கள் வழி சொல்லிவிட்டார்கள். "மூச்சுக் கட்டத்துல இருபதுன்னு போட்டுக்கிட்டே போடி. நல்லா இருக்கிற ஆளுக்கு அதான் கணக்கு. யாரு பார்க்கப் போறா?" யாரும் பார்க்கத்தான் இல்லை. அந்த வார்டில் கிழவரும் குமரரும் ஒன்றுபோல இருபது தடவை மூச்சு விட்டார்கள்.

பதினேழாம் கட்டில் அய்யாக்கண்ணு. பாபநாசத்துப் பக்கம் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சர்க்கார் சட்டம் போட்டிருந்த சமயம் அது. மனுக் கொடுத்த குற்றத்துக்கு, நிலக்காரரின் ஆட்கள் அவரை வரப்பில் போட்டு மிதித்து விலாவை உடைத்திருந்தார்கள். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் தாலுகா ஆபீசில் அந்த மனுமேல் விசாரணை. அவர் மனைவி நாகம்மாளாவது போய் நின்றால்தான் நிலம் நிற்கும்.

அன்று காலை நாகம்மாள் பிரகதாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடியறதுலேருந்து மேமூச்சு கீமூச்சு வாங்குது நர்சம்மா. விட்டுட்டுப் போகலாமா? நீங்களே சொல்லுங்க."

பிரகதாம்பாளுக்கு அடுத்த கட்டிலுக்கு ஓடுகிற அவசரம். சற்றுமுன் தானே எழுதிய சார்ட்டைக் காட்டினாள். "பாருங்க, இருபதுதான். மூணு நாளா இருபதுதான். பயப்படாம போயிட்டு வாங்க."

எழுத்துத் தெரியாத நாகம்மாள் அந்த அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பதினோரு மணிக்கு மாத்திரை கொடுக்க வந்தபோது அய்யாக்கண்ணுவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அப்போதுதான் அவர் நெஞ்சைப் பார்த்து எண்ணினாள், பாவி, முதல் தடவையாக. நாற்பத்தெட்டு. டாக்டர் ஓடிவந்தார், ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்தார்கள். "நாகு எங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார் அய்யாக்கண்ணு. அரை மணியில் அடங்கிவிட்டார்.

"காலையில நல்லாத்தானே இருந்திருக்கு" என்று டாக்டர் சார்ட்டைப் பார்த்துச் சொன்னார். வார்டு சிஸ்டர் பிரகதாம்பாளைத் திரும்பிப் பார்த்தாள். சார்ட்டை வாங்கி மூடிவைத்தாள், அவளும் ஒரு காலத்தில் மாணவிதான்.

சாயங்காலம், "பேரு ஏறிடுச்சு, பேரு ஏறிடுச்சு" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்த நாகம்மாள் வெறுங்கட்டிலைப் பார்த்தாள். அவள் போட்ட ஓலத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

அழுது ஓய்ந்தபின் அவள் கேட்டது ஒன்றுதான். "நான் போறப்ப நல்லாத்தானே இருந்தாரு நர்சம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மையைச் சொன்னால் படிப்பே போய்விடும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. "நான் எண்ணலைங்க. சும்மா எழுதிட்டேன்" என்று சொல்லித் தேம்பினாள் பிரகதாம்பாள்.

நாகம்மாளுக்குப் புரியவில்லை. அந்த நிலையிலும் பிரகதாம்பாளின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "அழாதம்மா. படிக்கிற புள்ளதானே நீ. இன்னும் எண்ணச் சொல்லித்தரலையா?"

"எண்ணத் தெரியுங்க" என்றாள் பிரகதாம்பாள்.

தோளிலிருந்து அந்தக் கை மெதுவாக இறங்கியது.