ரொம்ப நேரம் ஆகும் வேலை

விடுமுறை வந்தாலே ஊரில் இருக்கிற அத்தனை தலைக்கும் என் கத்திரிக்கோல் ஞாபகம் வந்துவிடும். வருஷம் முழுக்க எங்கே போயிருந்தார்களோ தெரியாது. வீட்டின் முன்னறையில்தான் என் பார்லர். நாற்காலிகள் நிறைந்து, மிச்சப் பேர் என் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

என் தங்கை வருவதும் இந்த விடுமுறையில்தான், வருஷத்துக்கு ஒரே தடவை. போன முறை வந்தவள் என்னோடு சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசாமல் திரும்பினாள். அதனால் இந்த வருஷம் அவள் இருக்கிற நாட்களில் மதியத்துக்கு மேல் யார் தலையையும் தொடுவதில்லை என்று சபதமே போட்டிருந்தேன். போன் எடுப்பது என் வீட்டுக்காரர். அவரிடமும் கறாராகச் சொல்லிவைத்தேன்.

சபதம் ஒரு நாள் தாங்கவில்லை. அவள் வந்த அன்றைக்கே பல் டாக்டரம்மா வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவருக்கு வெட்டிவிட்டு, கூடவே வந்த நாத்தனாரை எப்படி விரட்டுவது? தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தபோதெல்லாம் இதோ வந்துவிட்டேன் என்றேன். சாயங்காலமே ஆகிவிட்டது. அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி மனசை ஆற்றியிருப்பேன்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். மதியத்துக்கு ஒருவருக்கு நேரம் கொடுத்துவிட்டாராம். வந்ததே எனக்குக் கோபம்! யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள், என்ன வேலை என்று பிடித்துக்கொண்டேன்.

"எந்த வேலைக்கு ரொம்ப நேரம் ஆகும்னு கேட்டாங்க. முடியை நேராக்குறதுன்னு சொன்னேன். அதையே போட்டுக்கோங்கன்னுட்டாங்க."

இப்படியும் ஒரு பைத்தியமா என்று பொரிந்து தள்ளினேன். மனுஷர் அப்புறம் என் கண்ணிலேயே படவில்லை. தங்கையிடம் எந்த முகத்தோடு சொல்வது? இன்றைக்கும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தங்கை வந்து கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்துத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

"எழுந்திருடி, ஆள் வர்ற நேரம்."

"நான்தாங்க்கா அந்த ஆள்."

அவள் முடி பிறந்ததிலிருந்தே ஈர்க்குச்சி மாதிரி நேர். அதில் நேராக்க ஒன்றுமே கிடையாது. கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த நாற்காலில உக்காந்தவங்கள நீ பாதியில விட்டுட்டுப் போக மாட்டேல்ல?"

கையிலிருந்த துடைப்பத்தை மூலையில் சாத்தினேன். உள்ளறைக் கதவருகே வீட்டுக்காரரின் நிழல் ஆடியது. திருட்டு மனுஷர், எல்லாம் தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவைத் தட்டினார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர். முன்முடியை மட்டும் வெட்டினால் போதும், அஞ்சே நிமிஷம் என்றார். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். ஆள் இருக்கிறது என்றேன். எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார்.

"இவ ஊருக்குப் போற வரைக்கும் இவதாம்மா."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பினேன். தங்கை கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் முடியை விட்டுடுக்கா. வா, சாப்பிடலாம்" என்றாள்.