மொட்டைப்பாறை இறக்கம்

தேன்மொழி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிற சமயத்தில்தான் சுகிர்தா மறுபடியும் சைக்கிளை வெளியே எடுத்தாள்.

சங்கரன்கோவிலில் கிராவல் சைக்கிள் ஓட்டிய பெண்கள் அவர்கள் இரண்டு பேர்தான். வளைந்த கைப்பிடி, தடித்த டயர், தார் ரோட்டிலும் சரளைக்கல்லிலும் ஒரே மாதிரி போகிற வண்டி. சுகிர்தா அப்பாவின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்பவள். தேன்மொழி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பி, கரிவலம்வந்தநல்லூர் வழியாக ராயகிரி போய், அங்கிருந்து மலையடிவாரத்துக்குள் நுழைவார்கள். பாதை கண்டுபிடிப்பது தேன்மொழியின் வேலை. சென்டரில் ஆள் இல்லாத நேரத்தில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி, தோப்புகளுக்கு நடுவே நூலிழை போலத் தெரியும் வண்டித்தடங்களை ஒன்றோடொன்று கோர்த்துப் பார்ப்பாள். சில தடங்கள் ஓடைக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். சில யானைக்குப் போட்ட சோலார் வேலியில் முட்டி நிற்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தபடி திரும்புவார்கள்.

அப்படிக் கிடைத்ததுதான் மொட்டைப்பாறைப் பாதை. கண்மாய்க்கரை, தென்னந்தோப்பு, கூழாங்கல் நிறைந்த ஓடை, பிறகு காட்டை ஒட்டி மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். உச்சியில் மரமே இல்லாத பெரிய பாறை. அங்கிருந்து இறக்கம் முழுவதும் செம்மண். அது ஆறுமுகச்சாமியின் எலுமிச்சைத் தோப்பு வழியாக, அவர் வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகும். அவர் மனைவி வள்ளித்தாய் அவர்களை நிறுத்தித் தண்ணீர் கொடுக்காமல் விடமாட்டாள். வீட்டு நாய் செவலைக்குத் தேன்மொழியின் சைக்கிள் என்றால் உயிர். மிதிக்காமல் உருளவிட்டால் அதன் பின்சக்கரம் டிக்டிக்கென்று பலமாகச் சத்தம் போடும். அந்தச் சத்தம் பாறையில் கேட்கும்போதே நாய் எழுந்து நின்றுவிடும்.

பிறகு ஒரு காய்ச்சல். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் தேன்மொழி போய்விட்டாள். சுகிர்தா கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் நடந்தாள். தோப்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது தனியாக ஏறி, தனியாக இறங்கினாள். வள்ளித்தாய் வாசலில் எலுமிச்சங்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வா பிள்ள. எத்தன நாளாச்சு ஒன்னப் பாத்து. என்ன ரெண்டு பேரும் தனித்தனியா வாரீய? சண்டையா?"

சுகிர்தாவுக்குப் புரியவில்லை. "யாரக்கா?"

"யாரா? அந்தப் பிள்ளதான். இப்பந்தான் இறங்கிப் போறா. வாராவாரம் வாரா. ஆனா நிக்க மாட்டேங்கா. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போடின்னு நானும் கத்துதேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கா. நான் என்ன சொல்லிட்டேன் அவள?"

சுகிர்தா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். வேறு யாராவதாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு அடையாளம் தெரியாதாக்கும்? அதே மஞ்சத் தொப்பி. வாட்ச்ச சோத்தாங்கையில கட்டுறவ வேற யாரு?"

தேன்மொழி இடதுகைப் பழக்கக்காரி.

அன்று மாலையே சுகிர்தா பேச்சிராஜின் வீட்டுக்குப் போனாள். தேன்மொழியின் கணவன், விசைத்தறி வைத்திருப்பவன். சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். அவன் மாடி அறையைத் திறந்து காட்டினான். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு டயரிலும் காற்று இல்லை. மஞ்சள் ஹெல்மெட்டின் வாருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது.

"தொட மனசு வரல," என்றான். "ஏன், உங்களுக்கு வேணுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. சும்மா கேட்டேன்."

அடுத்த ஞாயிறு அவள் மொட்டைப்பாறைக்கு ஏறவில்லை. நேராக வள்ளித்தாய் வீட்டுக்கே போய் வாசலில் உட்கார்ந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று வள்ளித்தாய் கேட்கவில்லை. சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் செவலை எழுந்து நின்றது. வால் ஆடியது. பிறகு சுகிர்தாவுக்கும் கேட்டது. மேலே தோப்புக்குள் டிக்டிக்கென்று, இறக்கத்துக்கு ஏற்ப வேகமாகிக்கொண்டே வரும் சத்தம்.

"அந்தா வாரா. போய் மறி," என்றாள் வள்ளித்தாய்.

சுகிர்தா எழுந்து பாதையோரம் போய் நின்றாள். பாதையில் யாருமே இல்லை. எலுமிச்சை மரங்கள், ஈரச் செம்மண், அவ்வளவுதான். சத்தம் மட்டும் அவளை நெருங்கி, முகத்தில் காற்று படும்படி தாண்டிப் போனது. செவலை குரைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பவரின் காலை முகர்வதுபோலத் தலையைத் தூக்கியபடி கூடவே ஓடியது. வளைவு வரை போய்விட்டு, வழக்கம்போல நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

"பாத்தியா? ஒன்னையும் கண்டுக்கல. அவ்வளவு வீம்பு," என்றாள் வள்ளித்தாய்.

சுகிர்தாவுக்குப் பயம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். பயத்துக்குப் பதிலாக ஒரு பொறாமை வந்தது. உயிராகப் பழகிய தன் கண்ணுக்குத் தெரியாதவள், தண்ணீர் கொடுத்த பழக்கம் மட்டுமே உள்ளவள் கண்ணுக்குத் தெரிகிறாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் கோடாங்கியைக் கூட்டி வருவார்கள், வேப்பிலை கட்டுவார்கள், தேன்மொழியை விரட்டிவிடுவார்கள்.

"வீம்பெல்லாம் இல்லக்கா. அவ ஏதோ போட்டிக்குப் பழகுதா. நடுவுல நிக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று ஞாயிறு போனாள். சத்தத்தைக் கேட்டாள், ஆளைப் பார்க்க முடியவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா பார்க்க வந்த ஆறுமுகச்சாமி அன்று மத்தியானம் அவள் கடைக்குள் நுழைந்தார். சேலை எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். வேர்த்திருந்தது.

"பஸ் ஸ்டாண்டு செவத்துல அந்தப் பிள்ள படம் ஒட்டியிருக்கு. மொதலாம் ஆண்டு நினைவஞ்சலின்னு போட்டிருக்கு."

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ தெரிஞ்சேதான் என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருந்தியா? என் பொண்டாட்டி தண்ணியத் தூக்கிக்கிட்டு அது பின்னால ஓடுதா. பாத்துக்கிட்டா இருந்த?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் எழுந்து போனார்.

அந்த ஞாயிறு அவள் போனபோது, வீட்டுக்குச் சற்று மேலே பாதையை அடைத்துக் கருவேல முள்ளை ஆள் உயரத்துக்கு வெட்டிப் போட்டிருந்தார்கள். செவலையைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது; ஜன்னலில் வள்ளித்தாயின் முகம் தெரிந்தது. நல்ல வெயில்.

சத்தம் வந்தது. இறங்கி வந்து, முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றுபோனது. நாய் முனகியது.

"அக்கா," என்றாள் சுகிர்தா, திரும்பாமலே. "நிக்காளா?"

வள்ளித்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "நிக்கா. ஒன்னத்தான் பாக்கா."

"எப்படி இருக்கா?"

"நனைஞ்சு போயிருக்கா பிள்ள."

சுகிர்தா குனிந்து முதல் கிளையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையில் முள் ஏறியது.

"கைய விடு. அது இங்கன வரக்கூடாது," என்று வள்ளித்தாய் ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"இங்கன வரலக்கா. அவ போகத்தான் போறா. வழிய மட்டும் விடுங்க."

வள்ளித்தாய் வெளியே வரவில்லை, தடுக்கவும் இல்லை. சுகிர்தா ஒவ்வொரு கிளையாக இழுத்து ஓரத்தில் போட்டாள். முழங்கை வரை கீறி ரத்தம் வந்தது. ஒரு சைக்கிள் போகும் அளவுக்கு இடம் கிடைத்ததும் ஒதுங்கி நின்றாள். சொல்வதற்கு எத்தனையோ வைத்திருந்தாள்.

"பாத்துப் போடி," என்றாள்.

டிக்டிக் சத்தம் மெதுவாகத் தொடங்கியது. அவளைக் கடந்தது. வளைவில் திரும்பியது. தென்னந்தோப்பு வரை கேட்டுக்கொண்டே இருந்து, பிறகு மட்டைகள் உரசும் சத்தத்தோடு கலந்துவிட்டது.

தீபாவளிக்குத் துணி எடுக்க வள்ளித்தாய் கடைக்கு வந்தாள். கோபமெல்லாம் போயிருந்தது. சேலையை விரித்துப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள்.

"அதுக்கப்புறம் வரல பிள்ள. நானும் ஞாயித்துக்கிழமையானா வாசல்லதான் உக்காந்திருக்கேன். ஒரு நாளு கூட வரல."

சுகிர்தா சேலையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வரச்சொல்லி வள்ளித்தாய் கூப்பிட்டதற்குச் சரி என்று தலையாட்டினாள். போகவில்லை.

இப்போது அவள் கிழக்கே, இளையரசனேந்தல் பக்கம் ஓட்டுகிறாள். மானாவாரிக் கரிசல் காடு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஒதுங்க மரமும் இல்லை. நேரான மண்பாதை. பின்னால் யாராவது வந்தால் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். அடிக்கடி மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். அவளுடைய டயர் கிளப்பிய புழுதி மட்டும் அடங்காமல் நின்றுகொண்டிருக்கிறது.